அத்தியாயம் 7: முதல் அரியருக்குப் பிறகு

முதல் செமஸ்டர் ரிசல்ட் எந்த நாளில், எந்த மணிக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த சில நிமிடங்களில் இணையதளம் திணறும். வகுப்பு வாட்ஸப் குழுவில் ஸ்கிரீன்ஷாட்டுகள் குவியும். பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரு பாடத்தில்கூடத் தோற்காத பிள்ளை, தன் பதிவெண்ணுக்கு எதிரே 'யூ' என்ற எழுத்தை முதன்முறையாகப் பார்ப்பது அப்போதுதான். இந்த அத்தியாயம் அந்த எழுத்தைப் பார்த்தவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் உரியது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கலை அறிவியல் கல்லூரிகளிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் எண்கள் மாறும். செய்ய வேண்டியது பெரிதாக மாறாது.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. இந்த உயரத்தில் பெரும் பங்கு, வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைகளுக்கு உண்டு. அவர்கள் வீட்டில் அரியர் (தோற்று, மறுபடி எழுத வேண்டிய பாடம்) என்றால் என்னவென்று தெரிந்தவர் யாரும் இருப்பதில்லை. அண்ணனோ அக்காவோ பொறியியல் படித்த வீட்டில் "அடுத்த செம்ல கிளியர் பண்ணிக்கலாம் விடு" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும் செய்தி, முதல் தலைமுறை வீட்டில் படிப்பே போய்விட்டது போலக் காதில் விழுகிறது. தேர்வில் தோற்றதால் வரும் இழப்பு சிறியது. தோற்றதற்கும் மறுபடி எழுதுவதற்கும் இடையில் இருக்கும் வாரங்களில், விவரம் சொல்ல ஆளில்லாமல், வெட்கத்தோடு தனியே கிடப்பதால் வரும் இழப்புதான் பெரியது. ஆகவே அந்த வாரங்களைப் பற்றியே இங்கே பேசப்போகிறோம்.

கணக்கை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

2021 ஒழுங்குமுறையில் படிப்பவர்களுக்கு, எழுத்துத் தேர்வுப் பாடம் ஒவ்வொன்றிலும் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தாளை நூறு மதிப்பெண்ணுக்கு எழுதுகிறீர்கள். அது அறுபதுக்குச் சுருக்கப்படுகிறது. தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள். செமஸ்டர் தேர்வில் மட்டும் 45 விழுக்காடு எடுக்க வேண்டும். இன்டர்னலையும் சேர்த்து 50 வர வேண்டும். இன்டர்னலில் 30 வைத்திருப்பவர் தாளில் 45 எடுத்தால் போதும். அந்த 45 என்பது 27ஆகச் சுருங்கி, மொத்தம் 57ஆகிவிடும். இன்டர்னலில் 15 மட்டும் வைத்திருப்பவர் அதே தாளில் 58, 59 வரை எடுத்தாக வேண்டும். "அவனும் நானும் ஒரே மாதிரிதான் எழுதினோம், அவன் பாஸ், நான் ஃபெயில்" என்று குழம்பும் பலருக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. உங்கள் பிரிவுக்கு வேறு ஆண்டின் ஒழுங்குமுறை என்றால் அந்த விதிநூலைப் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து இறக்கி, தேர்ச்சி பற்றிய பக்கத்தை மட்டுமாவது நீங்களே வாசித்துவிடுங்கள். சீனியர் சொல்வது அவர் படித்த ஆண்டின் விதியாக இருக்கக்கூடும்.

நான்கு ஆண்டுப் படிப்பை முடிக்கப் பல்கலைக்கழகம் தரும் உச்ச கால வரம்பு ஏழு ஆண்டுகள். அரியர் தாளை அடுத்த செமஸ்டர் தேர்வுகளோடு சேர்த்தே எழுதலாம். இரண்டாம் செமஸ்டர் வகுப்புக்குப் போவதை அது தடுக்காது. இழப்புகளும் உண்டு, மறைக்க மாட்டேன். எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே முடித்தவருக்குத்தான் 'டிஸ்டிங்ஷன்' கிடைக்கும். வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்களில் சில, அந்த நேரத்தில் 'ஸ்டாண்டிங் அரியர்' இருக்கக் கூடாது என்று மட்டும் கேட்கும். சில 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' இருந்தாலே, அதாவது முன்பு தோற்றுப் பிறகு முடித்திருந்தாலும், ஏற்காது. முதல் வகை நிறுவனங்களுக்குள் நுழைய நீங்கள் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எல்லாவற்றையும் முடித்திருந்தால் போதும்.

அரியரைவிட அஞ்ச வேண்டியது அட்டெண்டன்ஸ் குறைவை. 75 விழுக்காடு வருகை கட்டாயம். 65க்கும் 75க்கும் இடையில் இருந்தால் மருத்துவக் காரணம் போன்றவற்றைக் காட்டி அனுமதி கேட்கலாம். 65க்குக் கீழே போனால் தேர்வு எழுதவே விடமாட்டார்கள்; அந்த செமஸ்டரையே அடுத்த ஆண்டு திரும்பப் படிக்க வேண்டும். இரண்டு பாடத்தில் தோற்ற பிள்ளை, வகுப்பில் முகம் காட்டக் கூசிக்கொண்டு விடுதி அறையிலேயே படுத்துக் கிடந்து, ஒரு முழு ஆண்டை இழப்பது இப்படித்தான். ரிசல்ட் வந்த மறுநாள் வகுப்புக்குப் போவதை, எவ்வளவு கனமாக இருந்தாலும், இந்த அத்தியாயத்தின் முதல் வேலையாகக் கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் அரியர் வாங்கியவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை என்பதும் அன்று தெரிந்துவிடும்.

விடைத்தாள் நகல்

மறுமதிப்பீட்டுக்கு முன்பு விடைத்தாளின் போட்டோகாப்பி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். ரிசல்ட் வந்த பின் அதற்குத் தரப்படும் அவகாசம் சில நாட்கள்தான். கல்லூரித் தேர்வுப் பிரிவு வழியாகக் கட்டணம் கட்ட வேண்டும். 45க்கு அருகில் வந்து தவறவிட்டவர்கள் கட்டாயம் வாங்குங்கள். வாங்கியதும் நீங்களே மதிப்பெண்ணைக் கூட்டிப் பாருங்கள். திருத்தப்படாமல் விடுபட்ட விடை இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு அந்தப் பாட ஆசிரியரிடம் கொடுத்து, "சார், இதுல எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். அவர் கூடும் என்றால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

மறுமதிப்பீடு கைகொடுக்காவிட்டாலும் அந்த நகல் வீண் போகாது. எங்கே விடையைத் தொடங்கிப் பாதியில் விட்டீர்கள், எந்தக் கேள்வியைத் தொடவே இல்லை என்பதெல்லாம் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். அடுத்த தேர்வுக்கான திட்டத்தை அதிலிருந்து போடலாம்.

கணிதம் ஏன் விழுகிறது

2021 ஒழுங்குமுறையின் முதல் செமஸ்டரில் அதிகம் பேர் வழுக்குவது 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' தாளில். பள்ளியில் கணக்கு நன்றாகப் போட்டவர்களும் வழுக்குகிறார்கள். தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு ஒரு கூடுதல் சுமை: தெரிந்த பொருளே தெரியாத பெயரில் வந்து நிற்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் தமிழ்வழிப் படிப்பைத் தொடங்கியது. மற்றப் பிரிவுகளில் சேர்ந்த தமிழ்வழி மாணவர் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

இதற்கு நான் கண்ட நல்ல வழி, உங்கள் பள்ளிப் பாடநூலுக்கே திரும்புவது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தின் முதல் அத்தியாயம் அணிகளும் அணிக்கோவைகளும். பதினொன்றில் வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் இருக்கின்றன. தமிழ்ப் பதிப்பு, ஆங்கிலப் பதிப்பு இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இரண்டையும் அருகருகே வைத்து, ஒரே கணக்கைத் தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் போடுங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தால் சொற்கள் பழகிவிடும். அதன்பின் கல்லூரிப் பாடநூலைத் திறந்தால் பயம் பாதி குறைந்திருக்கும்.

தாளின் அமைப்பையும் பாருங்கள். ஐந்து யூனிட். இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, பதினாறு மதிப்பெண் கேள்விகள் ஐந்து. ஒவ்வொரு யூனிட்டுக்கும் 20 மதிப்பெண். பதினாறு மதிப்பெண் கேள்வியில் தேர்வு செய்துகொள்ளும் வசதி அதே யூனிட்டுக்குள்தான். ஆக, மூன்று யூனிட்டை அடி முதல் நுனி வரை போட்டுப் பழகியவர் கையில் 60 இருக்கிறது. மற்ற இரண்டிலிருந்து இரண்டு மதிப்பெண் கேள்விகளும் பாதிப் படிகளும் கூடுதல். அணிகள் யூனிட்டை விடவே விடாதீர்கள். ஐகன் மதிப்பு, கேலி-ஹாமில்டன் தேற்றம், இருபடி வடிவத்தைச் சுருக்குவது என அதன் கணக்குகளுக்கு நிலையான படிகள் உண்டு. பழைய வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வருபவை அவை. எல்லா யூனிட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகிறவர்தான் 38, 40இல் நிற்கிறார்.

இயற்பியல், வேதியியலில் விழுந்தவர்களுக்குப் பிரச்சினை பெரும்பாலும் எழுத்து. நீண்ட ஆங்கிலப் பத்திகளை மனப்பாடம் செய்யாதீர்கள். படம், சூத்திரம், நான்கைந்து சிறு வாக்கியங்கள் என்று விடையை அமைத்து, வாரம் இரண்டு விடை எழுதி ஆசிரியரிடம் திருத்தி வாங்குங்கள். திருத்தித் தர மறுக்கும் ஆசிரியர்கள் குறைவு. கேட்கும் மாணவர்கள்தான் குறைவாக இருக்கிறார்கள்.

வீட்டில் சொல்வது

அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் ஒரு பொய்யைக் கேட்கும். பிறகு அரியரைவிட அந்தப் பொய்தான் பாரமாக அழுத்தும். பெற்றோருக்கு அரியர் முறை தெரியாது என்பதால் செய்தியோடு அடுத்த படியையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்படி:

"அப்பா, ரிசல்ட் வந்திருச்சு. நாலு பேப்பர் பாஸ். மேத்ஸும் பிசிக்ஸும் போயிருச்சு. இந்த செமஸ்டர் எக்ஸாமோடவே அதையும் மறுபடி எழுதலாம்ப்பா. வருஷம் ஒண்ணும் போகாது. பரீட்சைக்குக் கொஞ்சம் பணம் கட்டணும், எவ்வளவுன்னு கேட்டுச் சொல்றேன்."

நேரே அப்பாவிடம் வாய் வராது என்றால் அம்மாவிடமோ, சித்தப்பாவிடமோ, உங்களைக் கலந்தாய்வுக்கு அழைத்துப் போன பள்ளி ஆசிரியரிடமோ முதலில் சொல்லி, அவர் பக்கத்தில் இருக்கும்போது பேசுங்கள்.

பெற்றோருக்கு: பிள்ளை இப்படிச் சொன்னதும் முதலில் "சரிப்பா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிடுங்கள். கட்டிய பணத்தைப் பற்றியும், அடமானம் வைத்த நகையைப் பற்றியும், பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை பாடத்தில் பாஸ் என்பது பற்றியும் அன்று பேச வேண்டாம். அந்த நகை எவ்வளவு கனம் என்பது உங்களைவிட அதிகமாக அந்தப் பிள்ளைக்குத் தெரியும். முடிந்தால் வாரக் கடைசியில் விடுதிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அல்லது ஊருக்கு வரச் சொல்லி இரண்டு நாள் வைத்திருங்கள்.

பணம்

சிலர் தோற்பதற்குக் காரணம் பாடத்தில் இல்லை. மாலையில் வேலைக்குப் போகிறார்கள், அல்லது காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்தக் காசைச் சேர்க்கிறார்கள். உங்களுக்கு உரிய உதவிகள் எல்லாம் வந்து சேர்கின்றனவா என்று இப்போது சரிபார்த்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டு வருகிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இவற்றில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை வேறு. இவற்றுக்கென்று கல்லூரியில் ஒரு பொறுப்பாளர் இருப்பார்; அவர் பெயரும் எண்ணும் உங்கள் போனில் இருக்கட்டும்.

கல்விக் கடன் வாங்கியவர்கள் கவனிக்க: அடுத்த தவணைக்கு வங்கி மதிப்பெண் பட்டியல் கேட்பது வழக்கம். அரியரை மறைக்காமல் மேலாளரை நேரில் பார்த்துப் பேசுங்கள்.

மனம் தாழ்ந்துபோனால்

ரிசல்ட் வந்த சில நாட்கள் அழுகை வருவதும் தூக்கம் கெடுவதும் இயல்பு. இரண்டு வாரம் கடந்தும் தூக்கம் இல்லை, அல்லது எந்நேரமும் தூக்கம், சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லை, எழுந்து குளிக்கவே மலைப்பு என்றால் அது மருத்துவ உதவி கேட்கும் நிலை. காய்ச்சலுக்குப் போவதுபோல் இதற்கும் போக வேண்டும். 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். 2022 அக்டோபரில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையின் எண் அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. 104 எண்ணிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளர் பிரிவு இலவசம். அங்கே போனது கல்லூரிக்கோ எதிர்கால முதலாளிக்கோ தெரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்கும் கடமையை மருத்துவர்மேல் சுமத்துகிறது.

அறைத்தோழருக்கு ஒரு சொல். "நான் இல்லாம போனா எல்லாருக்கும் நல்லது" என்று நண்பர் பேசத் தொடங்கினால், பொருள்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால், நேராகக் கேளுங்கள்: "மச்சான், சாகணும்னு தோணுதாடா?" அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது, பேச ஒரு வழி திறக்கும். "ஆமாம்" என்றால் அறிவுரை சொல்லாதீர்கள், வாக்குவாதம் செய்யாதீர்கள். கேட்டுக்கொண்டிருங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருள் எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டாம். வார்டனுக்கும் வீட்டாருக்கும் உடனே சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

கல்லூரியிடம் எதைக் கேட்கலாம்

2022இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்திருக்கிறது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், முன்னாள் நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் உயர்கல்வி மாணவர்களின் மனநலத்துக்காகத் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் வேறொரு வழக்கில் 15 வழிகாட்டுதல்களை வகுத்தது. உரிய சட்டம் வரும்வரை அவை கல்வி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது. பலர் முன் அவமானப்படுத்தக் கூடாது. அரியர் பட்டியலைப் பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் வாட்ஸப் குழுவில் போடுவதும் இன்றும் நடக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது தவறு. வகுப்புப் பிரதிநிதி வழியாகத் துறைத் தலைவரிடம் அதை எழுத்தில் சொல்லலாம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிளஸ் டூவில் தோற்றவருக்கு அதே கோடையில் துணைத்தேர்வு நடக்கிறது. தேறியவர் அந்த ஆண்டே கல்லூரியில் சேர்ந்துவிடுகிறார். தோல்விக்கும் மறுவாய்ப்புக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கியது பள்ளிக் கல்வியில் நடந்த மிக அன்பான சீர்திருத்தம். தன்னாட்சிக் கல்லூரிகள் பலவும் இத்தகைய துணைத்தேர்வை நடத்துகின்றன. இணைப்புக் கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்களுக்காவது பல்கலைக்கழகங்கள் இதைச் செய்ய வேண்டும்.

விலகுவது என்றால்

சிலருக்குப் படிப்பே பொருந்தாது. அதைக் கண்டுகொள்வதும் நல்லதே. ஆனால் ரிசல்ட் வந்த வாரத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள். இரண்டாம் செமஸ்டரை முடித்துவிட்டு, "தோற்றதால் போகிறேனா, பிடிக்காததால் போகிறேனா" என்று வீட்டாரோடும் ஓர் ஆசிரியரோடும் உட்கார்ந்து பேசுங்கள். பிடிக்கவில்லை என்றால் மறு ஆண்டு கலந்தாய்வும் இருக்கிறது, கலை அறிவியல் கல்லூரியும் இருக்கிறது.

கட்டணம் திரும்பக் கிடைப்பது பற்றி உறுதியான கணக்கு வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பு முழுத் தொகையைத் திருப்பித் தரச் சொல்வது சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாளுக்கு முன்பே விலகுவோருக்கு. அந்தக் கடைசி நாள் கழிந்து முப்பது நாள் ஆகிவிட்டால், வைப்புத் தொகையைத் தவிரக் கட்டணம் எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் மிச்ச ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் விடுவோம் என்று கல்லூரி கேட்க முடியாது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் முடியாது. மறுத்தால் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கும் தீரவில்லை என்றால் 2023 விதிகளின்படி பல்கலைக்கழகத்தின் குறைதீர் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். கொடுத்த கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி, கட்டிய ரசீதுகள் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே கோப்பில் வைத்திருங்கள். முறையீட்டில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.